கும்ப்ரெஸ் கணவாயின் எண்ணெய் வண்டிகள்

திங்கட்கிழமை, கோல்டன்

அமெரிக்காவின் கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்களின் எல்லை மலைகளில், கும்ப்ரெஸ் கணவாய் வழியே மூன்றடி அகலப் பாதையில் கச்சா எண்ணெய் ஏற்றிச் சென்ற டேங்கர் வேகன்களை, அவை ஓடிய தடத்திலேயே போய்ப் பார்ப்பதற்காக இந்தப் பயணத்தை மேற்கொண்டிருக்கிறேன். நீராவி என்ஜின்களைப் பற்றி எழுதுவோர் எந்த மொழியிலும் ஏராளமாக இருக்கிறார்கள். அவற்றின் பின்னால் இழுபட்டுப் போன சரக்கு வண்டிகளைப் பற்றி, அதிலும் அந்தக் கரிய உருளைகளைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதப்பட்டு நான் படித்ததில்லை. அதனால் அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதி இங்கே பதிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

முதல் நாளை டென்வரை ஒட்டியுள்ள கோல்டன் நகரத்தின் கொலராடோ ரயில் அருங்காட்சியகத்தில் கழித்தேன். இதை 1959-இல் தொடங்கியவர்கள் ராபர்ட் ரிச்சர்ட்சன், கொர்னீலியஸ் ஹாக் ஆகிய இருவர். ரிச்சர்ட்சன் அதற்கு முன் அலமோசா ஊரில் ஒரு விடுதி நடத்தியபடியே, அப்போது வேகமாக மூடப்பட்டு வந்த, நேரோ கேஜ் எனப்படும் குறுகிய பாதைகளின் என்ஜின்களையும் பெட்டிகளையும் காகிதங்களையும் பழைய இரும்புக் கடைக்குப் போகவிடாமல் சேர்த்துக்கொண்டிருந்தார். இன்று கொலராடோவில் பார்க்கக் கிடைக்கும் நேரோ கேஜ் பொருள்களில் பெரும்பகுதி, அரசாங்கம் விழித்துக்கொள்வதற்கு முன்பே இப்படிப்பட்ட தனிமனிதர்கள் சொந்தப் பணத்தைப் போட்டுக் காத்தவை.

பாதையின் அகலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்றடி என்பது 914 மில்லிமீட்டர். நீலகிரி மலை ரயிலும், தமிழ்நாட்டில் முன்பு ஊரெங்கும் ஓடிய மீட்டர் கேஜ் ரயில்களும் பயன்படுத்திய 1,000 மில்லிமீட்டரை விட இது சற்றே குறைவு. அமெரிக்காவின் பொதுவான ஸ்டாண்டர்டு கேஜ் 1,435 மில்லிமீட்டர். 1870-இல் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெனரல் வில்லியம் ஜாக்சன் பால்மர், வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியாக் சிறு ரயிலின் வெற்றியால் ஈர்க்கப்பட்டவர். மலைச்சரிவைக் குறைவாக வெட்டி, கூர்மையான வளைவுகளில் திருப்பி, குறைந்த செலவில் சுரங்க ஊர்களை எட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. எண்ணெயைப் பற்றி அப்போது அவர் பெரிதாக நினைத்திருக்க வாய்ப்பில்லை.

ஏனென்றால் டேங்கர் வேகன் என்ற வண்டியே அப்போது ஐந்து வயதுக் குழந்தை. 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் அருகே டிரேக் கிணறு எண்ணெய் தந்ததும், அந்த எண்ணெயை எதில் கொண்டுபோவது என்ற சிக்கல் எழுந்தது. மரப் பீப்பாய்களில் ஊற்றி மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் படகிலும் ஏற்றினார்கள். பீப்பாய்கள் ஒழுகின, உடைந்தன. 1865-இல் ஏமஸ் டென்ஸ்மோர், ஜேம்ஸ் டென்ஸ்மோர் சகோதரர்கள் ஒரு தட்டையான ரயில் வண்டியின் மேல் பெரிய மரத்தொட்டிகள் இரண்டை நிறுத்தி எண்ணெயை நேரடியாக நிரப்பி அனுப்பினார்கள். அதற்கு 1866 ஏப்ரலில் காப்புரிமையும் பெற்றார்கள். உயரமான அந்தத் தொட்டிகளால் வண்டியின் எடை மேலே ஏறிக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே கொதிகலன் செய்யும் பட்டறைகளின் முறையைப் பின்பற்றி, இரும்புத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைத்துப் படுக்கவைத்த உருளைகள் வந்துவிட்டன. நாம் இன்று டேங்கர் என்றதும் நினைக்கும் உருவம் அதுதான்.

உருளையின் நடு உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும் குவிமாடம் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. எண்ணெய் வெப்பத்தில் விரியும். விளிம்புவரை நிரப்பப்பட்ட மூடிய பாத்திரத்தில் விரிந்தால் அது தகட்டைப் பிளக்கும். அதற்காகக் கொள்ளளவில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு இடத்தை அந்தக் குவிமாடத்தில் காலியாக விட்டார்கள். நிரப்பும் மூடி, பாதுகாப்பு வால்வு, அடிப்புற வால்வை மேலிருந்தே திறந்து மூடும் நீண்ட கம்பியின் பிடி ஆகிய எல்லாவற்றையும் அந்த ஓரிடத்தில் சேர்த்துவைத்திருப்பதில் நல்ல சிந்தனை தெரிகிறது. எண்ணெய் இறக்க வருபவர் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, கம்பியைத் திருகினால் போதும். வண்டிக்கு அடியில் புகுந்து வால்வோடு போராட வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை, அலமோசா

கோல்டனிலிருந்து தெற்கே நாள் முழுவதும் கார் பயணம். மலைகளைக் கடந்து சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் இறங்கியதும், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தட்டையான வெளி. பள்ளத்தாக்கு என்று பெயரே தவிர, இது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியும் ஏறக்குறைய இதே உயரம்தான் என்று சொன்னால் நம் வாசகர்களுக்குப் பிடிபடும்.

நேரோ கேஜும் ஸ்டாண்டர்டு கேஜும் சந்தித்த ஊர் அலமோசா. இங்கிருந்து ஆன்டனிட்டோ வரையுள்ள 28 மைலில் மூன்று தண்டவாளங்கள் போடப்பட்டிருந்தன. அதாவது ஒரு தண்டவாளத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு, இரண்டு அகல வண்டிகளும் ஒரே பாதையில் போகலாம். ஆடு, மாடு, மரம், குழாய் என்று எந்தச் சரக்கு வந்தாலும் அதை இங்கே ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். நேரோ கேஜின் பெரிய பலவீனம் இது. கட்டும்போது மிச்சம் பிடித்த பணத்தை, பின்னர் ஒவ்வொரு நாளும் கூலியாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது.

எண்ணெய் மட்டும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பியது. சாமா என்ற மலை ஊரில் நிரப்பப்பட்டு நேரோ கேஜிலேயே அலமோசா வரை வந்து, இங்கேயே இருந்த சுத்திகரிப்பு ஆலையில் இறங்கிவிடும். இடையில் வண்டி மாற்றும் வேலை இல்லை. அந்தக் கச்சா எண்ணெய் வந்தது கொலராடோவின் ஆர்ச்சுலெட்டா மாவட்டத்தில் 1935-இல் கண்டறியப்பட்ட கிராம்ப்ஸ் எண்ணெய் வயலிலிருந்து. வயலின் உரிமையாளர் லஃபாயெட் ஹியூஸ் அங்கிருந்து சாமா வரை குழாய் போட்டார். மலையின் மடிப்பில் இருந்த அந்த வயலுக்கு எட்டிய ரயில், சாமா வழியாகப் போன நேரோ கேஜ் மட்டுமே. 1893-இல் வெள்ளி விலை விழுந்ததிலிருந்தே நொடித்துக்கொண்டிருந்த பாதைக்கு, தினமும் ஏற்றிச் செல்ல ஒரு சரக்கு கிடைத்தது.

வண்டிகள் யாருடையவை என்பதுதான் என்னை இந்த விஷயத்தின் பக்கம் முதலில் இழுத்தது. பழைய புகைப்படங்களில் உருளைகளின் பக்கவாட்டில் யுடிஎல்எக்ஸ் என்ற எழுத்துகளைக் காணலாம். கடைசியில் வரும் எக்ஸ் என்ற எழுத்து, அமெரிக்க ரயில் வழக்கில், அந்த வண்டி ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமில்லை, தனியாருடையது என்பதைக் குறிக்கும். யுடிஎல்எக்ஸ் என்பது யூனியன் டேங்க் லைன். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் 1873-இல் கையகப்படுத்திய ஸ்டார் டேங்க் லைனிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. 1911-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஸ்டாண்டர்டு ஆயில் உடைக்கப்பட்டபோது தனி நிறுவனமாகி, 1919 முதல் யூனியன் டேங்க் கார் கம்பெனி என்ற பெயரில் இன்றுவரை இயங்குகிறது. எண்ணெயை வைத்திருப்பவரை விட, எண்ணெயைச் சுமக்கும் வண்டியை வைத்திருப்பவர் கையில்தான் சந்தை இருக்கும் என்பதை ராக்ஃபெல்லர் வெகு சீக்கிரம் புரிந்துகொண்டிருந்தார். ரயில் நிறுவனங்கள் டேங்கர்களில் முதல் போடத் தயங்கின. ஸ்டாண்டர்டு ஆயில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. போட்டியாளர்கள் பீப்பாயில் அனுப்பிக்கொண்டிருந்தபோது, அதைவிட மலிவாக டேங்கரில் அனுப்ப அதனால் முடிந்தது.

யூனியன் டேங்க் லைனின் வண்டிகளோடு, கிராம்ப்ஸ் என்ற பெயரையே பெரிதாக எழுதிக்கொண்ட டேங்கர்களும் இந்தப் பாதையில் ஓடின. ஜிஆர்ஏஎம்எக்ஸ் என்பது அவற்றின் குறியீடு. ஆக, இந்தப் பாதையில் ஓடிய டேங்கர்களில் பலவும் பாதையை நடத்திய ரயில் நிறுவனத்தின் கணக்கில் இல்லாதவை. இந்த உரிமைச் சிக்கல் பிற்காலத்தில் பாதுகாப்பு வேலையை எப்படிக் கடினமாக்கியது என்பதைச் சாமா யார்டில் வைத்து எழுதுகிறேன்.

அலமோசாவில் இன்று அந்த எண்ணெய்க் காலத்தைக் கண்ணால் பார்க்க அதிகம் இல்லை. சீக்கிரம் உறங்கப் போகிறேன்.

புதன்கிழமை, ஆன்டனிட்டோவிலிருந்து சாமா

காலை 10 மணிக்கு ஆன்டனிட்டோவிலிருந்து புறப்படும் கும்ப்ரெஸ் அண்ட் டோல்டெக் சுற்றுலா ரயிலில் 64 மைல். கொலராடோ எல்லையையும் நியூ மெக்சிகோ எல்லையையும் இந்தப் பாதை 11 முறை கடக்கிறது. எண்ணெய் வண்டிகள் வந்த திசைக்கு நேர் எதிராக நான் போகிறேன். நிரப்பப்பட்ட டேங்கர்கள் சாமாவிலிருந்து ஏறிக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கின, காலி டேங்கர்கள் நான் போகும் வழியில் திரும்பின.

எங்கள் ரயிலை இழுத்தது 1925-இல் பால்ட்வின் பட்டறையில் செய்யப்பட்ட கே-36 வகை என்ஜின். அந்த வகையில் மொத்தம் 10 என்ஜின்கள் செய்யப்பட்டன. கே என்பது மிகாடோ என்னும் சக்கர அமைப்பையும், 36 என்பது 36,200 பவுண்டு இழுவிசையையும் குறிக்கும். எண்ணெய் ரயில்களை இழுத்த என்ஜின்களே இன்று சுற்றுலாப் பயணிகளை இழுக்கின்றன. டோல்டெக் பள்ளத்தாக்கின் விளிம்பில், ஆறு 600 அடி கீழே ஓட, பாறையைக் குடைந்த சுரங்கத்திலிருந்து ரயில் வெளியே வரும் இடத்தைப் பற்றி எல்லாப் பயண நூல்களும் எழுதிவிட்டன. நான் அங்கே பார்த்துக்கொண்டிருந்தது வளைவுகளை. ஸ்டாண்டர்டு கேஜுக்காகச் செய்யப்பட்ட ஒரு டேங்க், அகலம் குறைந்த போகிகளின் (வண்டிக்கு அடியில் இருக்கும் சக்கரத் தொகுதிகளின்) மேல் உட்கார்ந்து, இந்த வளைவில் எப்படி நின்றது?

யூனியன் டேங்க் லைன் இந்தப் பாதைக்கு அனுப்பிய வண்டிகளில் பல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு கேஜுக்காகச் செய்யப்பட்டவை. புதிய, பெரிய டேங்கர்கள் வந்ததும் பழையவற்றின் போகிகளைக் கழற்றி, மூன்றடிப் போகிகளைப் பொருத்தி மலைக்கு அனுப்பினார்கள். 6,000 கேலன் கொள்ளளவு என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 22,700 லிட்டர். கச்சா எண்ணெயின் எடை மட்டும் 19 டன்னுக்கு மேல். நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் பெரிய டேங்கர் லாரி ஒன்று சுமக்கும் அளவு அது. அதை 914 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் சக்கரங்களின் மேல் வைத்து 4 விழுக்காடு சரிவில் ஏற்றினார்கள். டேங்கை முழுவதும் நிரப்பிவிட்டால் திரவம் அலைபாயாது என்பது ஓர் உதவி. அரைகுறையாக நிரப்பிய டேங்கர்தான் வளைவிலும் பிரேக் போடும்போதும் ஓட்டுநருக்கு அச்சம் தரும்.

கும்ப்ரெஸ் கணவாயின் உச்சி 10,015 அடி. ஆன்டனிட்டோ பக்கத்திலிருந்து வரும் ஏற்றம் மெதுவானது. ஏறத்தாழ 50 மைல் தூரத்துக்கு அது பரவிக்கிடக்கிறது. மறுபக்கம் சாமா வரை 14 மைலில் 2,155 அடி இறங்குகிறது. பாறையை ஒட்டி விண்டி பாயிண்ட் வளைவில் ரயில் இறங்கும்போது பிரேக் கட்டைகள் தேயும் வாசனை ஜன்னல் வழியே வந்தது. நிரம்பிய டேங்கர்கள் ஏறியது இந்தச் சுவரைத்தான். ஒரே என்ஜினால் முடியாது. இரண்டு என்ஜின்களைப் பூட்டினார்கள். அதுவும் போதாதபோது ரயிலைப் பிரித்து, பாதியைக் கணவாயில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, என்ஜின்களைத் திரும்ப இறக்கி மறுபாதியை ஏற்றினார்கள். லொபாட்டோ என்னும் 100 அடி உயர இரும்புப் பாலத்தின் மேல் இரண்டு கனமான என்ஜின்கள் சேர்ந்தாற்போல் போகக் கூடாது. அதனால் அங்கே முன் என்ஜினைக் கழற்றித் தனியாகக் கடக்கவிட்டு, பின்னால் வரும் ரயிலோடு மீண்டும் பூட்ட வேண்டும். இரண்டு என்ஜின் பூட்டி ஓடும் நாள்களில் இன்றும் இதே முறைதான். 2010 ஜூனில் இந்தப் பாலத்தின் மரத்தளம் எரிந்து, 2011-இல் சீரமைக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது.

எண்ணெய் என்பது பைப்லைனில் தானாக ஓடும் பொருள் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஒரு டேங்கர் ரயிலைக் கணவாய் ஏற்ற எத்தனை பேருடைய கையும் நிலக்கரியும் தண்ணீரும் தேவைப்பட்டன என்பதை அந்தச் சரிவில் இறங்கும்போதுதான் உணர்ந்தேன்.

வியாழக்கிழமை, சாமா யார்டு

இன்று முழுவதும் யார்டில்தான் இருந்தேன். நண்பர்கள் என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்ட தன்னார்வ அமைப்பு ஒன்று, கும்ப்ரெஸ் அண்ட் டோல்டெக் பாதையின் வரலாற்றுக் கட்டடங்களையும் வண்டிகளையும் 1988 முதல் பராமரித்துவருகிறது. யார்டுக்குள் யாரும் நடந்துபோய்ப் பார்க்கலாம். நிலக்கரி நிரப்பும் உயரமான மரக்கோபுரம், இரட்டைக் குழாயுள்ள தண்ணீர்த் தொட்டி, என்ஜின்களை நிறுத்திவைக்கும் ரவுண்ட்ஹவுஸ் கொட்டகையில் மிஞ்சிய பகுதி, இரண்டு சுழல் பனிவாரி வண்டிகள் ஆகியவை இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே டேங்கர்களும், அவற்றை நிரப்பிய மேடையும் நிற்கின்றன.

எண்ணெய் ஏற்றும் மேடை என்றதும் பெரிய கட்டமைப்பை எதிர்பார்க்க வேண்டாம். தண்டவாளத்தை ஒட்டி, டேங்கரின் குவிமாட உயரத்துக்கு, ஒரு நடைபாதை. குழாய் வந்து சேரும் இடமும் ஆள் நிற்கும் இடமும் அதில் உண்டு. ஆனால் அதன் அருகே ஒரு டேங்கரை வைத்துப் பார்க்கும்போது, நடைபாதையின் உயரமும் ஏணிப் படிகளின் இடைவெளியும் மூடி திறக்கும் திசையும் ஏன் அப்படி இருக்கின்றன என்று ஒன்றை மற்றொன்று விளக்குகிறது. அருங்காட்சியகத்தில் தனியாக நிற்கும் டேங்கரிடம் இந்த விளக்கம் கிடைக்காது. மேடை, வண்டி, அது ஏற வேண்டிய மலை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைக்கும் ஊர் என்பதால்தான் சாமாவை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

ஒரு டேங்கரின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். அது வான் டைக் என்று அழைக்கப்படும் வகை. ஸ்டாண்டர்டு ஆயிலின் பொறியாளர் ஜான் வான் டைக் வடிவமைத்தது. சாதாரண டேங்கரில், உருளைக்கு அடியில், வண்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கனமான உத்தரம் ஒன்று ஓடும். ரயிலின் இழுவை முழுவதையும் அந்த உத்தரமே தாங்கும். டேங்க் அதன் மேல் வெறும் பாரமாகப் படுத்திருக்கும். வான் டைக் வண்டியில் அந்த உத்தரம் கிடையாது. இரு முனைகளிலும் போகிக்கு மேலே சிறிய சட்டகங்கள் உருளையின் அடித்தகட்டோடு ரிவெட் அடிக்கப்பட்டிருக்கின்றன. இடையில் இழுவிசையைக் கடத்துவது எண்ணெய் நிறைந்த டேங்கின் தகடுதான். குனிந்து பார்த்தால் இரண்டு போகிகளுக்கும் நடுவே வயிற்றுப்பகுதி வெறுமையாக இருக்கிறது. வண்டிக்கு அப்பால் இருக்கும் புல்வெளி தெரிகிறது. எடை குறைகிறது, இரும்பு மிச்சமாகிறது. ஆனால் வண்டிகளை இணைக்கும் கப்ளிங்கில் விழும் ஒவ்வொரு குலுக்கலும் அந்த ரிவெட் வரிசைகளைத் தேடிப் போகிறது. வலுவான சட்டகமுள்ள வண்டிகளே பின்னால் வழக்கமானதற்குக் காரணம் அந்த இடத்தில் கைவைத்துப் பார்த்தால் புரியும்: அடித்தகட்டில் ரிவெட்டுகள் நெருக்கமாக, இரட்டை வரிசையாக இருக்கின்றன, சில தலைகள் தேய்ந்து தட்டையாகிவிட்டன.

மலைப்பாதையில் வேகம் குறைவு, ரயில்களும் நீளம் குறைந்தவை. ஸ்டாண்டர்டு கேஜில் வயதாகிப்போன வடிவம் இங்கே மேலும் பல ஆண்டுகள் உழைத்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். பழையது பிழைத்திருக்க வறுமையும் ஒதுக்குப்புறமும் உதவிய கதைகளில் இதுவும் ஒன்று.

இனி உரிமைச் சிக்கல். பால்மரின் நிறுவனத்திலிருந்து வழிவந்த டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் நிறுவனம் 1967-இல் இந்தப் பாதையை மூட விண்ணப்பித்து, 1969-இல் அனுமதி பெற்றது. 1970-இல் கொலராடோவும் நியூ மெக்சிகோவும் சேர்ந்து ஆன்டனிட்டோவுக்கும் சாமாவுக்கும் இடையிலான 64 மைலையும், ஒன்பது என்ஜின்களையும், நூற்றுக்கும் மேற்பட்ட வேகன்களையும், கட்டடங்களையும் 5,47,120 டாலருக்கு விலைக்கு வாங்கின. அடுத்த ஆண்டே சுற்றுலா ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டு மாநில அரசுகள் சேர்ந்து ஒரு முழு மலை ரயிலை அதன் சரக்கு வண்டிகளோடு வாங்கியது அரிய செயல். ஆனால் எண்ணெய்ப் போக்குவரத்து அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1960-களின் முற்பாதியிலேயே நின்றுபோயிருந்தது. வாடகைக்கு விடப்பட்ட டேங்கரின் கதி, சரக்கு நின்ற அன்று அதன் சொந்தக்காரர் எடுக்கும் முடிவைப் பொறுத்தது. டேங்க் என்பது எதற்கும் பயன்படும் பாத்திரம் வேறு. போகிகளைக் கழற்றிவிட்டால் பண்ணையில் தண்ணீர்த் தொட்டி, சாலைப் பணியிடத்தில் எரிபொருள் தொட்டி. மூடிய மரப்பெட்டி வேகன்கள் மழையில் உளுத்து விழுந்தன. இரும்பு டேங்கர்கள் வேறு வேலைக்குப் போய்க் காணாமல் போயின.

அப்படியிருந்தும் மிஞ்சியவற்றைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதை, என்ஜின் ஒன்றை உயிர்ப்பித்ததற்குக் குறையாத பணி என்றே நான் சொல்வேன்.

பிற்பகலில் தன்னார்வலர்கள் சிலர் ஒரு சரக்கு வண்டிக்கு எழுத்து வரைந்துகொண்டிருந்தார்கள். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், ஸ்டென்சில் தகட்டை வண்டியின் மேல் வைத்து நீர்மட்டம் பார்த்து, நாடாவால் ஒட்டி, வட்டத் தூரிகையால் குத்திக் குத்திப் பூசினார். இழுத்துப் பூசினால் விளிம்புக்கு அடியில் பெயிண்ட் கசிந்துவிடுமாம். எடை, கொள்ளளவு, கடைசியாகப் பரிசோதித்த நாள் என்று வண்டிகளில் எழுதப்பட்டிருந்த சிறு எழுத்துகளுக்கும் பெரிய பெயருக்குக் கொடுக்கும் அதே பொறுமையைக் கொடுத்தார். டேங்கர்களில் இந்தச் சிறு எழுத்துகள் மிக முக்கியம். டேங்கையும் பாதுகாப்பு வால்வையும் எந்த அழுத்தத்தில் எப்போது சோதித்தார்கள் என்பது வண்டியின் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி.

எந்த ஆண்டின் தோற்றத்தை மீட்பது என்பதில் கருத்து வேறுபாடு எழுவது இயல்பு. ஒரே வண்டி முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு விதமாகவும், 1940-களில் ஒரு விதமாகவும், ஓய்வுபெறும் நாளில் புகைக்கரியும் எண்ணெய் வழிந்த கறையுமாக இன்னொரு விதமாகவும் இருந்திருக்கும். பளபளக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டால் படத்துக்கு நன்றாக இருக்கும். குவிமாடத்திலிருந்து பக்கவாட்டில் வழிந்த எண்ணெயின் தடம், அது எத்தனை முறை நிரப்பப்பட்டது என்பதற்கான சான்று, அதோடு மறைந்துவிடும். என்னைக் கேட்டால், தகட்டைக் காக்கத் தேவையான அளவுக்கே பூச்சு போதும். அதற்கு முன் பழைய எழுத்துகளின் அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் படமெடுத்துப் பதிவுசெய்துவிட வேண்டும். அடுத்த தலைமுறைக்கு வேறு கருத்து இருந்தால், அவர்களுக்குச் சான்றாவது மிஞ்சும்.

டேங்கரின் உட்புறம் இன்னொரு தலைவலி. வெளியே எவ்வளவு பூசினாலும், கீழே தேங்கிய கசடும் உள்ளே வியர்த்து நிற்கும் ஈரமும் அடித்தகட்டை உள்ளிருந்து தின்னும். பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த டேங்குக்குள் ஆளை இறக்குவதற்கு முன் வாயு இல்லை என்று சோதித்தாக வேண்டும். கசடை எடுத்தாலும் அதைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. ரிவெட் ஒன்று போய்விட்டால் அதே முறையில் பழுக்கக் காய்ச்சி அடிக்க ஆள் வேண்டும். என்ஜின் ஓடினால் டிக்கெட் விற்கும், வருமானம் வரும். ஓடாத டேங்கருக்கு யார் பணம் தருவார்கள்? 2012-இல் இந்தப் பாதை முழுவதும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்த மதிப்பு என்ஜின்களோடு நின்றுவிடாமல் சரக்கு வண்டிகளுக்கான கூரைக்கும் பணமாக மாற வேண்டும். ஆன்டனிட்டோவில் கூரையுள்ள பட்டறை ஒன்று இதற்காகவே கட்டப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். பனி பெய்யும் 7,860 அடி உயரத்தில், திறந்தவெளியில் நிற்கும் வண்டி ஒவ்வொன்றும் குளிர்காலத்துக்கு ஒரு அடுக்குத் தகட்டை இழக்கிறது.

வெள்ளிக்கிழமை, டுராங்கோ

சாமாவிலிருந்து மேற்கே காரில் வந்தேன். சாமாவுக்கும் டுராங்கோவுக்கும் இடையிலான தண்டவாளங்கள் 1970-களின் தொடக்கத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டன. நெடுஞ்சாலையை ஒட்டிப் புல் மூடிய மண்மேடு ஒன்று சில இடங்களில் கூடவே வருகிறது. கிராம்ப்ஸ் வயல் இருக்கும் பகுதி தனியார் நிலம். சாலையிலிருந்து மலையைப் பார்த்ததோடு சரி.

டுராங்கோவிலிருந்து ஃபார்மிங்டன் வரை போன கிளைப்பாதை வேடிக்கையானது. 1905-இல் ஸ்டாண்டர்டு கேஜாகக் கட்டப்பட்டு, 1923-இல் நேரோ கேஜாகக் குறுக்கப்பட்டது. உலகெங்கும் பாதைகள் அகலமாகிக்கொண்டிருக்க, இங்கே மட்டும் தலைகீழாக நடந்தது. 1950-களில் ஃபார்மிங்டன் வட்டாரத்தில் எரிவாயுவும் எண்ணெயும் பெருகியபோது, அங்கே பதிக்க வேண்டிய பெரிய குழாய்களை அலமோசாவில் ஏற்றி, கும்ப்ரெஸ் வழியாக நேரோ கேஜ் ரயில்கள் இழுத்து வந்தன. எண்ணெயைக் கொண்டுபோகும் வேலையைத் தன்னிடமிருந்து பறிக்கப்போகும் குழாய்களைச் சுமந்து வந்த வருமானத்தில்தான் இந்தப் பாதை 1960-கள் வரை மூச்சு விட்டது. 1968-இல் சரக்கு ரயில்கள் நின்றன.

இந்த மலைகளின் டேங்கர்கள் சில, அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்திலிருந்து கனடாவின் வைட்ஹார்ஸ் வரை 110 மைல் போன வைட் பாஸ் அண்ட் யூகான் பாதைக்குச் சென்றன. அதுவும் மூன்றடிப் பாதை என்பதால் சக்கரம் மாற்றாமலே ஓடின. இரண்டாம் உலகப் போரில், 1942 அக்டோபரில், அமெரிக்க ராணுவம் அந்தப் பாதையைக் குத்தகைக்கு எடுத்தபோது கொலராடோவின் ஏழு கே-28 என்ஜின்கள் அங்கே அனுப்பப்பட்டன. ஒன்றுகூடத் திரும்பவில்லை, போர் முடிந்ததும் உடைக்கப்பட்டன. மிச்சமிருந்த மூன்று என்ஜின்கள் பின்னால் டுராங்கோவிலிருந்து ஓடின. என்ஜின்கள் அழிந்த அந்த வடதிசையில் டேங்கர்கள் சில தப்பின என்பது எனக்கு மிகவும் நிறைவளித்த செய்தி.

இன்னொன்றையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். கோடையில் தீப்பொறியால் காடு பற்றும் ஆபத்தைக் குறைக்க, கும்ப்ரெஸ் பாதையின் 489 எண் என்ஜின் அண்மைக் காலத்தில் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றப்பட்டது. டுராங்கோவிலும் இதே மாற்றம் செய்யப்பட்டது. கணவாய் ஏறிய எண்ணெய் அந்நாளில் சரக்கு, இப்போது எரிபொருள்.

போக நினைப்பவர்களுக்கு: ரயில் மே மாத இறுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை ஓடுகிறது. பலர் சாமாவில் இறங்கியதும் பேருந்தைப் பிடித்து ஆன்டனிட்டோவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் சாமாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை 10 மணி ரயில் புறப்பட்டபின் யார்டுக்குள் போங்கள். கூட்டம் இருக்காது, தன்னார்வலர்கள் வேலையில் இருந்தால் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். வான் டைக் டேங்கரின் அடியில் குனிந்து பார்க்க, அழுக்கானாலும் பரவாயில்லை என்ற உடையில் போவது நல்லது.